உலையில் என்ன வெந்தது

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவரைப் பற்றி எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறாய் என்று கேட்டால், பிடித்தவர்கள் யாரையும் எனக்கு இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இல்லை, அதனால்தான்.

ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மூன்று வருஷம் டாக்டராக இருந்தேன். அவர் அங்கே மருந்தாளுநர். மலைக்காரர்களுக்கு அவர் ‘கம்பவுண்டரு’. ஐம்பதைத் தாண்டியவர். அடிவாரத்தில் படவேட்டுப் பக்கம் வீடு. சனிக்கிழமை மத்தியானம் பைக்கில் இறங்கிப் போனால் திங்கட்கிழமை காலையில் ஏறி வருவார். சட்டை எப்போதும் வெள்ளை, இஸ்திரி மடிப்பு கலையாது. மீசைக்கு மட்டும் கறுப்பு அடிப்பார், தலையை நரைத்தபடியே விட்டுவிடுவார். ஏன் இப்படிப் பாதி வேலை என்று நர்ஸ் ஒருநாள் கேட்டதற்கு, “மீசதான் பேசும்போது தெரியும்” என்றார். பேசுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

செவ்வாய்க்கிழமை சர்க்கரை, பி.பி. நாள். அன்றைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள். நெல்லிவாசல் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து ஷேர் ஜீப்பில் பதினைந்து பேர் ஒருவர் மடியில் ஒருவராக வந்து இறங்குவார்கள். ஜீப் வராத ஊர்க்காரர்கள் விடியுமுன் கிளம்பி நடந்து வருவார்கள். முதலில் என் மேஜை. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, நான்கு வார்த்தை பேசி, சீட்டு எழுதிக் கொடுப்பேன். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து ஜன்னலுக்குப் போக வேண்டும். ஜன்னலில் கம்பி வலை, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவர்.

சீட்டை மூக்குக்கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்ப்பார். ஆளைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்ப்பார். அப்புறம் வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி கேட்பார்.

“இன்னா பெரிசு, நேத்து ராத்திரி உன் வூட்டு உலையில இன்னா வெந்துச்சு?”

பெரிசு என்னவோ முனகும். அவர் விட மாட்டார். “யாரு போட்டா? மருமவளா? எத்தினி கரண்டி? உக்காந்து துன்னியா, நின்னுக்கினே துன்னியா?” பக்கத்தில் மருமகள் நின்றிருந்தால் கேள்வி கிழவரிடம், கண் மருமகள் மேல். வரிசை சிரிக்கும். இன்னும் ஐந்து நிமிஷத்தில் தங்கள் முறை வரப்போகிறது என்று தெரிந்தவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். அதை நான் என் அறைக் கதவு வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பதிலில் அவருக்குத் திருப்தி இல்லையென்றால் கத்தரிக்கோலை எடுப்பார். நான் முப்பது மாத்திரை எழுதியிருப்பேன். அவர் மூன்று அட்டையை எடுத்து, அதில் ஒன்றைத் திரும்ப வைத்து, இன்னொன்றைக் குறுக்கே வெட்டி, பதினைந்தை ஓட்டை வழியாகத் தள்ளுவார். பிறகு சீட்டின் மூலையில் சிவப்பு மையால் ‘பட்டினி’ என்று எழுதி, “டாக்டரம்மா கிட்ட குடுத்துட்டுப் போ” என்று திருப்பிக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர், தான் பட்டினி என்று எழுதியிருக்கிற காகிதத்தைத் தானே தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வருவார். மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டுவார்.

முதல் தடவை எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நேரே ஜன்னலுக்குப் போனேன்.

“நான் முப்பது எழுதினா நீங்க பதினஞ்சு குடுப்பீங்களா?”

“துன்னவனுக்கு முப்பது மேடம். துன்னாதவனுக்குப் பதினஞ்சே ஜாஸ்தி.”

“சாப்பிட்டேன்னுதானே எங்கிட்ட சொன்னார்?”

“நீங்க மரியாதையா கேட்டீங்க. அவரும் மரியாதையா சொல்லிட்டாரு.”

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. சர்க்கரையை இறக்கும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, வயிற்றில் சோறு இருப்பவர்களுக்குத்தான் மருந்து. சோறு இல்லாத வயிற்றில் அது இருக்கிற கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் இறக்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும், ஆள் தூங்குகிற மாதிரியே போய்விடுவார். இதை நான் ஐந்தரை வருஷம் படித்திருக்கிறேன். மலையில் சாப்பாடு பற்றி எப்படிக் கேட்க வேண்டும் என்பதைத்தான் படிக்கவில்லை. அங்கே ‘சாப்டீங்களா’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்றுதான் பதில். விடியக் காலையிலிருந்து வெறும் வயிற்றோடு நடந்து வந்த விருந்தாளியும் ‘ஆச்சு’ என்பார். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்க வேண்டும், மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்போதுதான் உட்காருவார்கள். முதல் தடவையே ‘இல்லை’ என்று சொல்கிறவன் அந்த ஊரில் மனுஷக் கணக்கில் சேர்த்தி இல்லை. நான் ஒருமுறை கேட்டு, ‘ஆச்சும்மா’ என்ற பதிலை வாங்கி, நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு இது தெரிந்திருந்தது. அதனால் பதில் சொல்லித் தப்ப முடியாத மாதிரிக் கேட்டார். இதற்காக அவரை மெச்சலாம் என்றுதான் நானும் கொஞ்சநாள் நினைத்தேன். ஆனால் அவர் வேர்க்கடலை சாப்பிடுவதைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் ஜன்னல் விளிம்பில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வைத்திருப்பார். ஆள் எதிரே நிற்கும்போது ஒவ்வொன்றாகத் தோலை ஊதி வாயில் போட்டு, மெதுவாக மெல்லுவார். கண் கிழவரின் கழுத்தில் இருக்கும். எச்சில் விழுங்குகிறாரா என்று பார்ப்பார். விழுங்கினால் கத்தரிக்கோல்.

“ஒரு கைப்பிடி கொடுத்தா என்னங்க குறைஞ்சுபோகும்?” என்று கேட்டேன்.

“ஒருத்தனுக்குக் குடுத்தா அடுத்த வாரம் அத்தினி பேரும் எச்சி முழுங்குவான் மேடம். அப்புறம் யாரு பட்டினி, யாரு நடிப்புன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதைச் சொல்லும்போதும் அவர் மென்றுகொண்டிருந்தார்.

சாப்பாட்டு விஷயம் மட்டுமில்லை. ஒரு நாளைக்கு ஐந்து சீட்டாவது திரும்பி வரும். ஆலங்காயத்தில் யாரோ எழுதிக் கொடுத்த மூட்டுவலி மாத்திரையை ஒரு கிழவி மடியில் வைத்திருப்பாள், அது என் கண்ணில் பட்டிருக்காது. அவர் மடியை அவிழ்க்கச் சொல்லி அத்தனையையும் ஜன்னல் விளிம்பில் கொட்டிவிடுவார். வெற்றிலை, பாக்கு, பேரனின் பால்பல் எல்லாம் விழும். “இத்த அந்த மாத்திரையோட முழுங்குனா கிட்னி பூடும்” என்று வலிமாத்திரையைக் குப்பையில் எறிவார். ஐந்தில் மூன்று தடவை அவர் சொன்னது சரியாக இருக்கும். தப்பாகிப்போன இரண்டைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்வேன்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவரையே கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் பட்டினி கிடந்தேன், அம்மாவுக்கு இப்படி ஆச்சு என்று ஏதாவது சொல்வார், நானும் மனம் இளகலாம் என்று காத்திருந்தேன்.

“எனக்கு இது தமாஷா கீது மேடம்” என்றார். “நாளெல்லாம் மாத்திர எண்ணிக்கினே இருந்தா பைத்தியம் புடிக்காதா?”

புளி கொட்டை எடுக்கிற வேலைக்குப் போகும் ஒரு கிழவி வந்துகொண்டிருந்தாள். தனியாக இருக்கிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அவளிடம் உலை, கரண்டி எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்க, கடைசியில் அவள் ஓங்கிச் சொன்னாள்: “ரெண்டு நாளா ஒண்ணுமில்ல, போதுமா?” அன்றைக்கு வரிசை சிரிக்கவில்லை. அவள் மாத்திரைக்குக் கை நீட்டவில்லை, சீட்டைக்கூட வாங்கவில்லை, போய்விட்டாள். அதன்பின் வரவே இல்லை. சர்க்கரை மாத்திரை போனால் போகட்டும், பி.பி. மாத்திரையும் போயிற்று. இரண்டு மாதம் கழித்து டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். வாய் கோணி, வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. நான் அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டினேன். அவர், “வாய்க்குப் பயந்து மாத்திரைய வுட்டா நான் இன்னா பண்றது” என்றார். அன்றிலிருந்து அவரை அடக்க ஒரு சாக்கு கிடைக்காதா என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். இதையும் ஒளிக்கவில்லை.

சாக்கு ஒரு ஆவணி மாதத்தில் கிடைத்தது.

நெல்லிவாசல் பக்கத்து ஊர் ஒன்றின் பழைய நாட்டாண்மை ஒருவர் வந்துகொண்டிருந்தார். நெட்டையான மனிதர். தலையில் முண்டாசு, அதை யாருக்காகவும் அவிழ்க்க மாட்டார். பேச்சு குறைவு. கூடவே குட்டையாக அவர் மனைவி. இரண்டு பேருக்கும் சர்க்கரை. மகன் ஜீப்பில் கூட்டிக்கொண்டு வருவான். ஆவணியில் மலையில் பழைய சாமை தீர்ந்திருக்கும், மலை நிலத்தில், அவர்கள் சொல்லில் கொல்லியில், புதுசு கதிர் வந்திருக்காது. எல்லா வீட்டிலும் அடுப்பு ஒருவேளைதான் எரியும்.

முதலில் கிழவி. “சாமக் கஞ்சி. ரெண்டு சட்டி” என்று வெட்கப்படாமல் சொன்னாள். கடலையைப் பார்த்து எச்சில் விழுங்கவில்லை. முழு அட்டைகளும் கிடைத்தன. அடுத்தது அவர்.

“சாமச் சோறு. பச்ச மொச்சக்கொட்டக் கொழம்பு” என்றார் நாட்டாண்மை.

ஜன்னலுக்குள் கடலை மெல்லும் சத்தம் நின்றது. “ஆவணி மாசத்துல பச்ச மொச்ச எந்தக் கொல்லியில காய்க்குது பெரிசு? பொய் சொல்றதுன்னா மாசத்தப் பாத்து சொல்லு.”

வரிசை வெடித்துச் சிரித்தது.

“பொண்டாட்டிக்கு ரெண்டு சட்டி கஞ்சி, உனக்குக் கனாவுல மொச்சக்கொட்டயா? புள்ள உனக்குச் சோறு போடறானா இல்லியா? அத்தச் சொல்லு மொதல்ல.”

நாட்டாண்மை வலைக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டார். மனைவி தரையைப் பார்த்தாள். மகன்தான் என் அறைக்குள் ஓடி வந்தான்.

“டாக்டரம்மா, எங்கப்பன் நாப்பது வருசம் ஊருக்கு நாயம் சொன்னவரு. அவர நிக்க வெச்சி சிரிக்கிறாங்க. நாங்க சோறு போடலியாம். ரெண்டு பேருக்கும் சட்டி நெறய ஊத்தி வெச்சிட்டுதான் நாங்க கொல்லிக்குப் போறோம். இனிமே ஊருல எப்படித் தல காட்டுறது?”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பு இல்லை. நான் அன்றைக்கே ஒரு உத்தரவு எழுதினேன். மருந்தாளுநர் டாக்டர் எழுதிய மருந்தை எழுதிய அளவில் கொடுக்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் நேரத்தைச் சொல்வதைத் தவிர நோயாளிகளிடம் வேறு எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. சீட்டில் எதுவும் எழுதக் கூடாது. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். முத்திரையைக் கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். கையெழுத்துப் போட்டார். “ஒரு நகல் குடுங்க மேடம்” என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாயிலிருந்து அவர் வேறு ஆள். கடலைப் பொட்டலம் இல்லை. சிவப்புப் பேனா இல்லை. “வாங்க அய்யா, வணக்கம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, போய்ட்டு வாங்க.” வரிசைக்கு இது பிடிக்கவில்லை. தமாஷ் போச்சே என்று அலுத்துக்கொண்டார்கள். “கம்பவுண்டருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று ஒரு கிழவர் என்னிடமே வந்து விசாரித்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஐந்து சீட்டில் ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை. நான் எழுதியதெல்லாம் திடீரென்று சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

புரட்டாசி தொடக்கத்தில் நாட்டாண்மை மறுபடி வந்தார். இளைத்திருந்தார். விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை இருநூற்றுச் சொச்சம். மாத்திரை போட்டும் இறங்கவில்லை.

“சாப்டீங்களா அய்யா?”

“ஆச்சும்மா.”

வரிசை முன்னால் அவமானப்பட்ட மனிதரிடம் நான் எவ்வளவு இதமாகக் கேட்டேன் தெரியுமா? தோளில் கைகூட வைத்தேன். வைத்துவிட்டு, காலையில் ஒன்று என்றிருந்ததைக் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று கூட்டி எழுதினேன். “சர்க்கரை ஏறியிருக்கு அய்யா. மாத்திரையை ஜாஸ்தி பண்ணியிருக்கேன். இனிமே தெம்பா இருப்பீங்க” என்றேன். அவர் கும்பிட்டார்.

ஜன்னலில் மருந்தாளுநர் சீட்டை வாங்கினார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, அறைக்குள் இருந்த என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஆறு அட்டைகளை அடுக்கி, “அறுபது கீதுங்க அய்யா, சரி பாத்துக்குங்க” என்று ஓட்டை வழியாகத் தள்ளினார். கத்தரிக்கோல் அவர் பக்கத்திலேயேதான் கிடந்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலை எட்டு மணிக்கு ஜீப் வந்து நின்றது. மகனும் இன்னும் இரண்டு பேரும் நாட்டாண்மையைப் போர்வையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். முண்டாசு எங்கோ விழுந்திருந்தது. தலை வழுக்கை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உடம்பெல்லாம் சில்லென்ற வேர்வை. விடியக் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லையாம். அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். சர்க்கரை பார்க்கும் மிஷின் எண்ணே காட்டவில்லை, அளவுக்குக் கீழே என்று மட்டும் காட்டியது.

நான் கேட்பதற்கு முன்பே மருந்தாளுநர் குளுக்கோஸ் மருந்தை உடைத்து ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு நரம்பும் கிடைக்கவில்லை. அவர்தான் கிழவரின் முழங்கையைத் தன் தொடை மேல் வைத்து அழுத்திப் பிடித்து, “இங்க குத்துங்க மேடம், இங்க” என்றார். குத்தினேன். ஏற்றினேன். மறுபடி ஏற்றினேன். பத்து மணிக்கு முன்னால் நாட்டாண்மை இறந்துபோனார்.

உடலை ஜீப்பில் ஏற்றிய பிறகு மருந்து அறைக்குள் போனேன். அவர் உடைந்த மருந்துக்குப்பிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்.”

“சர்க்கரை இருநூறுக்கு மேல இருந்துச்சே?”

“டீக்கடை பன்னு மேடம் அது. ஜீப்ப வுட்டு எறங்குனதும் புள்ள பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தான். சக்கர தூக்கலா போட்டு ரெண்டு டீ. ஜன்னல்லருந்து பாத்தேன். மீசையில ஒட்டுன பன்னக்கூடத் தொடைக்காம உங்க ரூமுக்கு வந்தாரு.”

“ஏன் சொல்லல?”

“கேக்கக் கூடாதுன்னீங்க. எழுதக் கூடாதுன்னீங்க.”

“அதுக்காக?”

“ரெண்டு தடவ தல சுத்தி வுழுவாரு, தூக்கிக்கினு வருவாங்க, நீங்க எங்கிட்ட வருவீங்கன்னு நெனச்சேன்” என்றார். “போய்டுவாருன்னு நெனக்கல.”

சொல்லிவிட்டு மருந்துக்குப்பிகளைக் குப்பையில் போட்டார். ஒரு கிழவர் இரண்டு தடவை கீழே விழ வேண்டும், அதைப் பார்த்து நான் தலை குனிய வேண்டும், இதற்காக அறுபது மாத்திரையை எண்ணித் தள்ளியிருக்கிறார். அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

கீழிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். சாப்பிட்டாரா என்று கேட்டேன், ஆச்சு என்றார், என்று நான் எழுதிக் கொடுத்தேன். டாக்டர் எழுதியதை எழுதிய அளவில் கொடுத்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் நாள் தவறாமல் சோறு வைத்தோம் என்று மகன் சொல்ல, அதிகாரியே எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார். மூன்றும் உண்மை. அதிகாரி காவலூர் பக்கம் நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கிக் கூண்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றார், வழி சொல்லி அனுப்பினோம்.

உத்தரவை நான் கிழித்துப் போட்டேன். அவரிடம் போய், “பழைய மாதிரியே கேளுங்க” என்றேன். என் வாழ்க்கையில் நான் கெஞ்சியது குறைவு. அன்றைக்குக் கெஞ்சினேன்.

“வழக்கம் வுட்டுப்போச்சு மேடம்” என்றார். “நீங்க வந்து உக்காந்து கேளுங்க. நான் வெட்டிக் குடுக்கறேன்.”

“நானா?”

“சீட்டு உங்குளுது. கேள்வியும் உங்குளுதா இருக்கட்டும்.”

என்னைப் பழிவாங்குகிறார் என்று தெரிந்தது. வேறு வழியும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை என் மேஜையில் சீட்டு எழுதி முடித்துவிட்டு, மருந்து ஜன்னலுக்குப் பின்னால் அவருடைய ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் அட்டைகளோடு நின்றார். வரிசைக்கு ஒரே ஆச்சரியம். டாக்டரம்மாவே மருந்து கொடுக்கிறார் என்று இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

நான்காவதாக நாட்டாண்மையின் மனைவி வந்தாள். நெற்றி வெறிச்சென்று இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் பார்த்தவளுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை.

“சாப்டீங்களாம்மா?” என்றேன்.

“ஆச்சு டாக்டரம்மா.”

பின்னாலிருந்து அவர் மெல்ல, “அப்படி இல்ல மேடம்” என்றார்.

வரிசைக்குக் கேட்கும்படி, அவர் கேட்கிற அதே குரலில் கேட்டேன். “நேத்து ராத்திரி வூட்டு உலையில இன்னா வெந்துச்சு?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“யாரு போட்டா? எத்தினி கரண்டி?”

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“ஒரு சட்டி” என்றாள். “எப்பவும் ஒரு சட்டிதான். ஆளுக்கு ஒரு சட்டி ஊத்தி வெச்சிட்டுதான் புள்ள கொல்லிக்குப் போவான். அவரு இருந்தப்ப அவரு சட்டியையும் எனக்கே தள்ளிடுவாரு. நான் வேணான்னாலும் கேக்க மாட்டாரு. நடுவுல ஒருநாளு ரொம்ப தள்ளாடினாரு, நீயே குடின்னு கெஞ்சுனேன். ‘எனக்கு டாக்டரம்மா மாத்திர ஜாஸ்தி பண்ணிக் குடுத்துருக்காங்க, தெம்பா இருப்பேன்னு சொல்லிக்கீறாங்க, நீ குடி’ன்னுட்டாரு. நானும் குடிச்சேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஓட்டை வழியாக நீட்டிய கையை இன்னும் எடுக்காமல் மாத்திரைக்காக நின்றாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. வெட்டின அட்டையை என் தோளுக்கு மேலாக நீட்டி அவள் கையில் வைத்தார்.

“அவரு பட்டினி எனக்குத் தெரிஞ்சுது” என்றார் என் காதருகே. “காரணம் தெரில.”

அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்று ஸ்டூலைத் தள்ளினேன். அவர் காலால் அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

“முப்பது பேரு நிக்கறாங்க மேடம். அடுத்த ஆளக் கூப்புடுங்க.”

கூப்பிட்டேன்.